விரல் நுனியில் ஒரு பொத்தான்

ஆட்டுக்காலின் பின்பக்கத்து நரம்பைப் பிடித்து இழுத்தால் குளம்பு மடங்க வேண்டும். உயிர் போன கால்தான் என்றாலும், பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல ஒரு தரம் மடங்கி நிமிரும். காதர் பீவி எந்தக் காலையும் இப்படி இழுத்துப் பார்க்காமல் அடுப்பு வரைக்கும் கொண்டு போனதில்லை. அன்று காலை கூடையைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு காலாக விரல் விட்டுத் துழாவினாள். இழுப்பதற்கு நரம்பைக் காணோம். தோலில் மெல்லிசாக ஒரு கீறல் இருந்தது. அதன் வழியே உள்ளே இருந்ததை யாரோ பதமாக உருவி எடுத்திருந்தார்கள்.

பேகம்பூரில் மீரான் கடை என்றால் ஆட்டுக்கால் பாயாதான். மீரான் மவுத்தாகி மண்ணுக்குப் போன பிறகும் அந்தப் பேர் நின்றது என்றால், அதற்குக் காரணம் அவன் பெண்டாட்டியின் கை. இரவெல்லாம் சிறுதீயில் கிடந்த கால்கள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடியும் நேரத்துக்கு இறங்கும். தோல் பதனிடும் ஷாப்புக்கு வேலைக்குப் போகிறவர்கள் இடியாப்பத்தைப் பிய்த்துப் போட்டு, உதடு ஒட்ட ஒட்டச் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்த ஒட்டுதல் நரம்பு கரைந்து வருவது. சில நாளாகவே பாயா தண்ணியாக இருந்தது. முந்தின நாள் பீர் முகமது பாய், பத்துப் பேர் கேட்க, "என்ன காதர் பீவி, இந்த ஆடெல்லாம் நடந்து வந்துச்சா, மெதந்து வந்துச்சா?" என்று கேட்டுவிட்டார். கடை முழுக்கச் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

கால் அனுப்புகிறவன் வேறு யாருமில்லை, அவளுடைய கொழுந்தன் கிதர் முகம்மது. மீரானுக்கு இளையவன். மார்க்கெட்டில் கறிக்கடை வைத்திருந்தான். காதர் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நேரே போய் அவன் கடை முன்னால் நின்றாள்.

"ஏப்பா கிதரு, காலு இருக்கு, நரம்பு எங்க?"

"எந்த நரம்பு மதினி?"

"உன் தலைக்குள்ள ஓடுமே, அது இல்ல. ஆட்டுக்கு இருந்தது."

"இப்ப வர்ற ஆடெல்லாம் அப்படித்தான் மதினி. மேய்ச்சல் கெடையாது."

"மேய்ச்சல் இல்லாத ஆடு நரம்பைக் கழட்டி வச்சிட்டா சந்தைக்கு வருது?"

அவன் கறியை வெட்டுவதில் மும்முரமானான். வெட்ட அங்கே கறியே இல்லை, வெறும் கட்டையைத்தான் வெட்டிக்கொண்டிருந்தான். காதர் பீவிக்கு அது போதும். புதிதாக யாராவது பாயாக் கடை போடுகிறார்களா, இவன் அங்கே நரம்பு விற்கிறானா, அல்லது இவனே கடை போடப் போகிறானா? வீடு திரும்புகிற வழியிலேயே சந்தேகத்துக்குக் கை கால் முளைத்துவிட்டது.

மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் கிதர் வாழை இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மறுபடி வந்து மறைவாகக் காத்திருந்த அவள் தெருவின் எதிர்ப்பக்கமாகவே பின்னால் போனாள். அவன் பழனி ரோட்டில் திரும்பி, சுண்ணாம்பு அடித்த ஒரு வீட்டுக்குள் நுழைந்தான். வாசலில் பலகை: டாக்டர் நல்லுசாமி. ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து ஆள், மதராஸில் படித்தவர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்று ஊரில் சொல்லக் கேட்டிருந்தாள். டாக்டருக்கு எதற்கு ஆட்டு நரம்பு? நாய் வளர்க்கிறாரா?

காம்பவுண்டர் தங்கமுத்து தடுப்பதற்குள் அவள் பின்கட்டு அறைக்குப் போய்விட்டாள். போனவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். விட்டத்தில் இரும்புக் கொக்கிகள். கொக்கிக்கு ஒன்றாக வெள்ளை வெளேரென்று நரம்புகள் தொங்கின. ஒவ்வொன்றும் நடுவில் அறுக்கப்பட்டு, மறுபடி மெல்லிய கம்பியால் தைக்கப்பட்டிருந்தது. கீழ் நுனியில் தராசுத் தட்டு. தட்டில் இருந்த கற்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். கிலோ வந்த பிறகு வேலையில்லாமல் மூலையில் கிடந்த கிதர் கடையின் பழைய வீசைக் கற்கள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் ஒரு தட்டில் இன்னொரு கல்லை வைத்தார். நரம்பு முறுகியது, கம்பி நழுவியது, தட்டு தரையில் விழுந்தது. டாக்டர் சிரித்தார்.

'விழுந்ததுக்கு எதுக்குச் சிரிப்பு?' என்று அவள் மனசு உடனே கேட்டது.

"வாங்கம்மா, உக்காருங்க" என்றார் டாக்டர். கிதர் சுவரோடு சுவராக நின்றான்.

"நான் உக்கார வரல. என் கடைப் பாயா தண்ணியாப் போச்சு. இங்கதான் தொங்குதுன்னு இப்பத் தெரியுது."

டாக்டருக்கு முப்பது வயசுக்கு மேல் இருக்காது. கோபப்படவில்லை. "நம்ம கை விரலை மடக்குறதும் இதே மாதிரி ஒரு நாண்தானுங்க. கத்தி பட்டு அறுந்துட்டா ரெண்டு முனையையும் சேத்துத் தைக்கணும். எப்படித் தைச்சா எவ்வளவு பாரம் தாங்குதுன்னு பாக்கறேனுங்க."

"மனுசன் நரம்பைத் தைக்க ஆட்டு நரம்பா?"

"மனுச நரம்பு கடையில கிடைக்கறதில்லைங்களே."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வார்த்தை காதர் பீவிக்குள் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. கிடைக்கவில்லை என்றால் கிடைக்கக் காத்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? இம்புட்டு மரியாதையாக ஒரு டாக்டர் பாயாக் கடைக்காரியோடு எதற்குப் பேசுகிறான்?

மறுநாளிலிருந்து கால்கள் நரம்போடு வந்தன. பாயா பழையபடி ஒட்டியது. அவள் இழுத்துப் பார்ப்பதை மட்டும் விடவில்லை.

*

கத்தி பட்டது ஒரு வியாழக்கிழமை. வாட்டிய கால்களைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். கையெல்லாம் கொழுப்பு. கத்தி முனை எலும்பில் முட்டி நின்றது, கை நிற்கவில்லை. பிடியிலிருந்து வழுக்கி அலகின் மேலேயே ஓடிவிட்டது. ரத்தம் அவளுக்குப் புதிதில்லை. தண்ணீரில் அலசி, மஞ்சள் வைத்து அழுத்திக் கட்டினாள். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. கையை மூடிப் பார்த்தாள். மற்ற விரல்கள் எல்லாம் மடங்கின. ஆள்காட்டி விரல் மட்டும் காய்ந்த குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. எதிரே வாசலில், வெறும் கூடையை எடுத்துப் போக வந்த கிதர். விரல் நேராக அவனைக் காட்டியது.

"வாங்க மதினி, டாக்டர்கிட்டப் போவோம்."

"எந்த டாக்டர்?"

அவன் குதிரை வண்டியைக் கூப்பிட்டான்.

வண்டியில் போகும்போது அவளுக்கு எல்லாம் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு வந்தது. கத்தியைச் சாணை பிடித்துக் கொடுத்தவன் இவன். அதுவும் முந்தாநாள்தான், கேட்காமலே. நரம்பு கொண்டு போய்க் கொடுத்தவன் இவன். மனுச நரம்பு கிடைப்பதில்லை என்றவர் அவர். இப்போது அறுந்த நரம்போடு அவளையே கூட்டிக்கொண்டு போகிறவனும் இவன். பொட்டலம் கட்ட வாழை இலைதான் பாக்கி.

காயத்தைக் கழுவும்போது தங்கமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "அம்மா, இந்த எடத்துல அறுந்தா மதுரையில பெரிய டாக்டருகளே உள்ள தைக்க மாட்டாக. மேல்தோலைத் தைச்சு அனுப்பிருவாக. எங்க அய்யா தைக்கிறேங்கறார். யோசிச்சுக்கங்க."

அவள் யோசிக்கவெல்லாம் இல்லை. டாக்டர் வந்ததும் முகத்துக்கு நேரே கேட்டாள்: "மதுரையில தைக்காத எடத்துல நீங்க மட்டும் எதுக்குத் தைக்கிறீங்க?"

தங்கமுத்து பஞ்சைத் தேடப் போய்விட்டான். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உங்களுக்குச் சொன்னது உண்மைதானுங்க. இந்த எடத்துல நாண் ஒரு குழாய்க்குள்ள ஓடுது. சுருக்குப் பையில கயிறு ஓடுதில்லைங்க, அப்படி. தடியாத் தைச்சா குழாய்க்குள்ள ஒட்டிக்கும். மெலிசாத் தைச்சா அறுந்துரும். அதனால யாரும் தொடறதில்லைங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒரு தையல் இருக்குதுன்னு நான் நம்பறேன்."

"தைக்காம விட்டா?"

"விரல் இப்படியே நிக்குமுங்க."

காதர் பீவி விரலைப் பார்த்தாள். இதை வைத்துக்கொண்டு கத்தி பிடிக்க முடியாது. அரிவாளை ஓங்க முடியாது, இடியாப்ப உரலை அழுத்த முடியாது, தேக்சாப் பாத்திரத்தின் காதைப் பிடித்து இறக்க முடியாது. கை போனால் கடை போகும். கடையை யார் எடுப்பார்கள் என்பதற்கு வெளியே போய் ஜோசியம் கேட்க வேண்டியதில்லை. அந்த ஆள் கதவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறான்.

"தைச்சதைக் கொண்டாங்க. நான் இழுத்துப் பாக்கணும்" என்றாள்.

டாக்டர் பின்கட்டுக்குப் போய் இரண்டு நரம்புகளைக் கொண்டுவந்தார். ஒன்றில் தையல் நேராக ஓடியிருந்தது. அவள் ஒரு முனையைக் கால் விரல்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, மறுமுனையை இடது கையால் இழுத்தாள். ஈர முடியில் சீப்பு இறங்குவது போலக் கம்பி நாரை வகிர்ந்துகொண்டு வழுக்கி வந்துவிட்டது. இன்னொன்றில் கம்பி குறுக்கும் மறுக்குமாக, கட்டில் கயிறு பின்னினாற்போல நாருக்குள் புகுந்து புகுந்து வந்திருந்தது. இழுத்தாள். முதுகைச் சாய்த்து இழுத்தாள். உள்ளங்கையில் தடம் விழுந்தது. தையல் அசையவில்லை. அவள் அதை முகத்துக்கு அருகில் கொண்டுபோய், உண்மையிலேயே நடுவில் அறுத்துத்தான் தைத்திருக்கிறதா, அல்லது முழு நரம்பின் மேல் கம்பியைச் சுற்றி ஏமாற்றுகிறாரா என்று பிரித்துப் பார்த்தாள். அறுத்துத்தான் இருந்தது.

"பிஸ்மில்லா" என்று கையை நீட்டினாள்.

தோளுக்கு மேலே ஊசி போட்டுக் கையை மரக்க வைத்தார்கள். நடுவில் துணியைத் தொங்கவிட்டார்கள். கண்ணை மறைத்தால் என்ன, காது இருக்கிறதே. தட்டில் எது விழுகிறது, எது எடுபடுகிறது என்று ஒவ்வொரு ஓசையையும் அவள் எடை போட்டாள். வெகு நேரத்துக்குப் பிறகு பொறுக்க முடியாமல் கேட்டாள்: "டாக்டர், ஆட்டு நரம்பை வச்சுத் தைச்சுடலையே?"

"இல்லீங்கம்மா. உங்களுதேதான்."

வெளியிலிருந்து கிதரின் குரல் வந்தது: "ஆட்டு நரம்புன்னாலும் ஹலால்தான் மதினி. நான் அறுத்தது."

தங்கமுத்து சிரித்தான். துணிக்கு அந்தப் பக்கம் டாக்டரும் சிரித்திருக்க வேண்டும். காதர் பீவி மட்டும் கூரையை முறைத்துக்கொண்டு கிடந்தாள்.

*

கட்டு முடிந்து பார்த்தபோது முழங்கைக்குக் கீழே எல்லாம் மாவுக் கட்டு. மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கி வைத்திருந்தார்கள். ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் வெளியே எட்டிப் பார்த்தது. அதன் மேல் ஒரு வெள்ளைச் சட்டைப் பொத்தான். உள்ளே நரம்பைப் பின்னிய கம்பி நுனிச் சதை வழியாக வெளியே வந்து, அந்தப் பொத்தானில் முடிச்சாகியிருந்தது.

தெருவே வந்து பார்த்தது. அகரத்திலிருந்து வெங்காயம் கொண்டுவரும் மாயக்காள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பொத்தானை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உற்றுப் பார்த்தாள்.

"ஏத்தா, பொத்தான் தைக்கவா டாக்டருகிட்டப் போன? எங்க ஊரு டைலரு இதைவிட நேரா வச்சிருப்பானே. இப்ப எதோட மாட்டணும் இதை?"

"உன் வாயோட மாட்டணும்" என்றாள் காதர் பீவி. ஆனாலும் மாயக்காள் வருவது அவளுக்குப் பிடித்திருந்தது. ஊர்ச் செய்தி அவள் மூலமாகத்தான் வந்தது. கடையைக் கிதர்தான் நடத்துகிறான், சித்தையன்கோட்டையிலிருந்து சமையலுக்கு ஒரு ஆளைக் கொண்டுவந்திருக்கிறான், பெஞ்சுகளைச் சுவரோரமாக மாற்றிப் போட்டிருக்கிறான், கடைக்குப் புதுப் பலகை எழுதக் கொடுத்திருக்கிறான்.

"பலகையா? யார் பேரு?"

"எனக்கு எழுத்தா தெரியும்? பச்சைப் பெயிண்டு. அம்புட்டுத்தான் பாத்தேன்."

கிதரைக் கேட்டாள். "பழசு எழுத்தே அழிஞ்சு போச்சு மதினி. வரும்போது பாக்கத்தானே போறீங்க" என்றான்.

கட்டைக் காட்டப் போனபோது டாக்டர் இன்னொரு குண்டைப் போட்டார். "இந்த வாரம் ரொம்பக் கவனமா இருக்கணுமுங்க. தைச்ச அன்னைக்கு இருந்த பலம் இப்ப இருக்காது. நாணோட முனை ஊறி இளகும். கூடி வளர்றது அதுக்கப்புறம்தான். அது வரைக்கும் கம்பிதான் புடிச்சுக்கிட்டிருக்கும்."

தைத்த பிறகு பலம் குறையுமாம். இதை அவர் முன்னாலேயே ஏன் சொல்லவில்லை? வீட்டுக்கு வந்ததும் காதர் பீவி அதைத் தன் வழியில் யோசித்தாள். நரம்பு எதனால் இளகும் என்று இந்த ஊரில் அவளைவிட யாருக்குத் தெரியும்? சூட்டினால். கல் மாதிரி இருக்கிற நரம்பு, இரவெல்லாம் சூடு பட்டால் விடியும்போது கஞ்சி. அன்றிலிருந்து அவள் அடுப்படிப் பக்கமே போகவில்லை. கட்டுப் போட்ட கையை எந்நேரமும் ஜன்னல் கம்பிமேல் காற்றுப் பட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்புச் சூடு ஏறக்கூடாதென்று இளநீராகக் குடித்துச் சளி பிடித்துக்கொண்டது. சளியில் லேசாகக் காய்ச்சல் கண்டபோது கையில் எல்லாம் கரைந்தே போயிற்று என்று ஒரு பகல் முழுக்க அழுதாள். அழுததற்குக் காரணம் சொல்லவில்லை. மாயக்காள் அதை மீரானுக்கான அழுகை என்று எடுத்துக்கொண்டு கூட அழுதாள்.

மூன்று வாரம் கழித்து மாவுக் கட்டை உடைத்தார்கள். டாக்டர் பொத்தானைக் கத்தரித்தார். பிறகு உள்ளங்கையில் துருத்திக்கொண்டிருந்த இன்னொரு நுனியைப் பிடித்து நிதானமாக இழுத்தார். பளபளவென்று கம்பி முழுசும் வெளியே வந்துவிட்டது. காதர் பீவி சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"புடிச்சிட்டிருந்ததையே உருவிட்டீங்களே. இனிமே எது புடிக்கும்?"

"அதுவாக் கூடியிருக்குமுங்க."

"இருக்குமா? இருக்கா?"

டாக்டர் கம்பியைத் துடைத்துத் தட்டில் வைத்தார். "இருக்கணுமுங்க" என்றார். பிறகு, காலையும் சாயந்திரமும் கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வைத்து, அதற்குள் விரலை முக்கி, மெல்ல மெல்ல மடக்கிப் பழக வேண்டும் என்றார்.

வெந்நீர்! அவள் டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். ஆட்டு நரம்பை இத்தனை நாள் கொக்கியில் தொங்கவிட்டவர் ஒரு நாளாவது அடுப்பில் போட்டிருப்பாரா? பச்சைப் பிள்ளை மாதிரி இப்போதுதான் கூடிய நரம்பை வெந்நீரில் வைக்கச் சொல்கிறார். தெரியாமல் சொல்கிறாரா, தெரிந்தே சொல்கிறாரா? சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வந்து, பானைத் தண்ணீரில், சில்லென்று, கையை வைத்தாள். மடக்கப் பார்த்தால் வலி உச்சந்தலைக்கு ஏறியது. இரண்டொரு நாளில் அதையும் விட்டுவிட்டாள்.

*

நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல், விரல் பழைய கொக்கி மாதிரி நின்றுவிட்டது. டாக்டர் அவள் முன்கையைப் பிடித்து இங்கும் அங்குமாக அழுத்தினார். மற்ற விரல்கள் தாமாகத் துடித்து மடங்கின. ஆள்காட்டி விரல் கிடந்தபடியே கிடந்தது. முதல் தடவையாக அவர் முகத்தில் அவளுக்குப் பழக்கமான ஒன்றைக் கண்டாள். அவரும் சந்தேகப்பட்டார்.

"வீட்டுல பாரம் ஏதாவது தூக்குனீங்களா?"

"இல்ல."

"வெந்நீர்ல வச்சீங்களா?"

"வச்சேன்."

"தினமுமா?"

"தினமும்."

டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை.

"அப்ப ரெண்டுல ஒண்ணுங்க. உள்ள குழாயோட ஒட்டியிருக்கணும், இல்லாட்டி தையல் விட்டுப் போயிருக்கணும். ஒட்டியிருந்தா, இவ்வளவு நாள் வெந்நீர்ல பழக்கினதுக்குக் கொஞ்சமாவது அசைவு வந்திருக்கும். வரலை. விட்டுப் போச்சுன்னுதான் நினைக்கிறேன். திறந்து பாத்துரலாமுங்க."

பார்த்துரலாம் என்கிறபோது அவர் கண் ஒரு தரம் பின்கட்டுப் பக்கம் போய் வந்தது. அது போதும் அவளுக்கு.

"உங்களுக்குப் பாக்க வேண்டியது உங்க தையலை. எனக்கு வேண்டியது என் வெரலு."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே அம்மா."

"ஒண்ணில்ல டாக்டர். செத்த ஆட்டு நரம்பு எம்புட்டுத் தாங்கும்னு கல்லு வச்சுப் பாத்துட்டீங்க. உசுரோட இருக்கறது எம்புட்டுத் தாங்கும்னு பாக்க நானா கெடைச்சேன்?"

மறுப்பார் என்று எதிர்பார்த்தாள். இரண்டு வார்த்தை கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யாராவது ஒருத்தர் மொதல்ல இருந்துதானே ஆகணுமுங்க" என்றார். சொன்ன பிறகு, சொன்னது எப்படிக் கேட்டிருக்கும் என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். "நாளன்னைக்குக் காலையில வாங்க. வராட்டி நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்று எழுந்துவிட்டார்.

திரும்பும்போது கிதரும் கூடவே வண்டியில் வந்தான். யானைத் தெப்பக்குளம் தாண்டியதும் சொன்னான்: "வேணாம்னா விட்டுருங்க மதினி. மறுபடி கத்தி எதுக்கு? நீங்க கல்லாவுல உக்காந்துக்கங்க, அடுப்பை நான் பாத்துக்கிறேன்." அன்பாகத்தான் சொன்னான். அன்பாகச் சொன்னதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அடுப்பு யார் கையில் இருக்கிறதோ அவர்கள்தான் கடை. கல்லாவில் உட்காருகிறவள் விருந்தாளி.

மறுநாள் விடிந்ததிலிருந்து அந்தப் பொய் அவளை அரித்தது. தினமும் வைத்தேன் என்று அவள் சொன்னதை வைத்துத்தான் டாக்டர் தையல் விட்டுப் போச்சு என்று முடிவு கட்டினார். வைக்கவே இல்லை என்று சொல்லியிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பாரோ? கத்தி வேண்டாம் என்றிருப்பாரோ? ஆனால் உண்மையைச் சொன்னால் வெந்நீரில் வை என்பார். வைத்தால் கரைந்துவிட்டது என்றால்?

கடைக்குப் போகிற கால் கூடை வாசலில் வந்து நின்றது. அவள் ஒரு காலை எடுத்து இடது கையால் நரம்பை இழுத்தாள். குளம்பு மடங்கியது. கத்தியை இடது கையில் பிடித்து, கோணல்மாணலாகக் கீறி, நரம்பை உருவினாள். அதை இரண்டாக நறுக்கினாள். ஒரு துண்டைக் கொதிக்கிற சட்டியில் போட்டாள். இன்னொரு சட்டியில் வெந்நீரை விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்தாள். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சூடு. இரண்டாவது துண்டை அதில் போட்டு, ஆற ஆறச் சூட்டைச் சேர்த்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வெங்காயம் கொண்டுவந்த மாயக்காள், "என்னத்தா, ரெண்டு சட்டியில ரெண்டு துண்டு? யாருக்கு விருந்து?" என்றாள். "டாக்டருக்கு" என்றாள் இவள்.

சாயந்திரம் அசருக்குப் பாங்கு சொல்லும்போது இரண்டையும் எடுத்தாள். கொதித்தது, விரலால் அழுத்தியதும் குழைந்தது. வெந்நீரில் கிடந்தது, போட்டபடியே இருந்தது. சூடு போதவில்லையோ என்று பொறுக்க முடிகிற மட்டும் இன்னும் சூட்டைக் கூட்டி, மறுபடி ஊறவிட்டு எடுத்தாள். கால் விரலில் இடுக்கிக்கொண்டு இழுத்தாள். முதுகைச் சாய்த்து இழுத்தாள். பச்சையாக இருந்தபோது எப்படியோ அப்படியே நின்றது. உள்ளங்கையில் அதே தடம்.

வெகு நேரம் அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீரை மாற்றி, மீண்டும் விளாவி, வலது கையை மணிக்கட்டு வரைக்கும் இறக்கினாள். எத்தனையோ நாளாகச் சூடு காணாத கை. அவளையும் கேட்காமல் தோள் வரைக்கும் தளர்ந்தது.

மறுநாள் காலையிலும் வைத்தாள். கடையிலிருந்து பாயா வாசனை வந்தது. சித்தையன்கோட்டைக்காரன் பட்டையைக் கொஞ்சம் அதிகம் போடுகிறான் என்று மூக்கே சொல்லியது. வீட்டு நடையில், செய்தித்தாள் சுற்றிக் கயிறு கட்டிய புதுப் பலகை, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிச் சாத்தியிருந்தது. நேற்று சாயந்திரம் வந்தது. அவள் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

சட்டிக்குள் தண்ணீருக்கு அடியில் விரல் கொஞ்சம் பெரிதாக, யாருடையதோ போலத் தெரிந்தது. இடது கையால் வலது முன்கையைப் பிடித்து, டாக்டர் அழுத்திய இடத்தில் அழுத்தினாள். மற்ற விரல்கள் மடங்கின. அவற்றைச் சட்டி அடியில் ஊன்றி நிறுத்திவிட்டு, மறுபடி, மெல்ல, பெயர் சொல்லிக் கூப்பிடுவது போல அழுத்தினாள். உள்ளங்கையில், தழும்புக்கு அடியில், எதுவோ ஒன்று சுண்டியது. கயிறு இறுகும்போது வருமே, அந்த மாதிரி. விட்டுப் போன கயிறு இறுகாது. விரல் நுனி ஒரு அரிசி அகலம் அசைந்தது. அசைந்ததா? இல்லை, கை ஆடியதில் தண்ணீர்தான் அசைந்ததா?

வாசலில் குதிரை கனைத்தது. "மதினி, வண்டி வந்துருச்சு" என்றான் கிதர்.

"செத்த நேரம் நிக்கச் சொல்லு."

"டாக்டர் காத்துக்கிட்டிருப்பாரு மதினி."

அவள் கையைச் சட்டிக்குள்ளேயே வைத்திருந்தாள். மூச்சுப் பட்டுத் தண்ணீர் கலையாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, வளையம் வளையமாக ஓடிக்கொண்டிருந்த அலை சட்டியின் விளிம்பில் ஒவ்வொன்றாக அடங்கட்டும், மறுபடி அழுத்திப் பார்க்கலாம் என்று காத்திருந்தாள்.